சாலையோரப் பணியாளருக்கு எந்த ரிஃப்ளெக்டிவ் ஜாக்கெட் எடுப்பது?

கேள்வி இதுதான்: சாலைப் பராமரிப்புக் குழு ஒன்றுக்கு மொத்தமாக ரிஃப்ளெக்டிவ் ஜாக்கெட் வாங்க வேண்டும். சிலருக்குப் பகல் ஷிஃப்ட், சிலருக்கு இரவு ஷிஃப்ட். கையில்லாத வெஸ்ட் போதுமா? மஞ்சள் நல்லதா, ஆரஞ்சு நல்லதா? எல்லோருக்கும் ஒரே மாதிரி எடுத்துவிடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ஆர்டர் போடுவதும் கணக்கு வைப்பதும் சுலபம் என்பதைத் தவிர ஒரே மாதிரி வாங்குவதில் வேறு லாபம் இல்லை. நிறத்தைப் பற்றியும் இப்போதே யோசிக்காதீர்கள். இரண்டு விஷயங்களை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்கள் நிற்கும் இடத்தைக் கடந்து வண்டிகள் என்ன வேகத்தில் போகின்றன? அப்போது உங்கள் ஆள் நிற்கிறாரா, குனிந்திருக்கிறாரா, மண்டியிட்டிருக்கிறாரா? இந்த இரண்டும் தெரிந்தால் உடை பெரும்பாலும் முடிவாகிவிடும்.

வேகத்தில் தொடங்குவோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடிவிடுகிறது. ஓட்டுநர் பார்த்து, அது ஆள் என்று புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள் 42 மீட்டர் போய்விட்டது. காய்ந்த சாலையில் நல்ல பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்க இன்னும் 55 மீட்டர் வேண்டும். மொத்தம் நூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதே கணக்கு 60 கி.மீ. வேகத்துக்கு சுமார் 45 மீட்டர், 30 கி.மீ. வேகத்துக்கு 18 மீட்டருக்குள். ஈரச் சாலை, தேய்ந்த டயர், சுமை ஏற்றிய லாரி என்றால் இந்த எண்கள் எல்லாமே ஏறும். லோ பீம் வெளிச்சத்தில், கறுப்பு பேன்ட் கறுப்புச் சட்டை போட்ட ஆள் நூறு மீட்டர் தூரத்தில் கண்ணுக்குத் தட்டுப்படுவார் என்று யாரும் நம்பக் கூடாது. ஓட்டுநருக்குத் தேவைப்படும் அந்த நூறு மீட்டரை வாங்கித் தருவதுதான் ஜாக்கெட்டின் வேலை.

தரநிலைகளும் இந்தக் கணக்கை ஒட்டித்தான் போகின்றன. பல நாடுகள் பின்பற்றும் சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 20471 இந்த உடைகளை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. வண்டிகள் 30 கி.மீ. வேகத்துக்குள் போகும் இடத்துக்கு முதல் வகுப்பு, 60 வரை இரண்டாம் வகுப்பு, அதற்கு மேல் மூன்றாம் வகுப்பு என்பது அதன் வழிகாட்டல். கவனம் முழுக்க வேலையில் இருப்பவர், அதாவது வரும் வண்டியைப் பார்த்துத் தானாக விலகிக்கொள்ள முடியாதவர், என்ற கணிப்பில் சொன்னது இது. அமெரிக்காவின் ஆன்சி/ஐஎஸ்இஏ 107 தரநிலையிலும் இதே போக்குத்தான், கோடு போடும் இடம் மட்டும் கொஞ்சம் வேறு: சுமார் 40 கி.மீ., 80 கி.மீ. வேகங்கள் அங்கே எல்லைகள். போர்டில் எழுதியிருக்கும் வேகத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். வண்டிகள் நிஜமாகப் போகும் வேகத்தை எடுங்கள். மழை, மூடுபனி, இரவு, கண்ணைக் குழப்பும் விளம்பர விளக்குகள் என்று ஏதாவது சேர்ந்தால் ஒரு வகுப்பு ஏற்றி வாங்குவதுதான் என் பழக்கம்.

வகுப்பு என்பது அடிப்படையில் பரப்பளவுக் கணக்கு. ஐஎஸ்ஓ-வில் முதல் வகுப்புக்கு ஒளிரும் துணி (பளிச்சென்ற மஞ்சள் அல்லது ஆரஞ்சுத் துணி) 0.14 சதுர மீட்டர், பட்டை (ஹெட்லைட் ஒளியைத் திருப்பி அனுப்பும் சாம்பல் நிறக் கோடு) 0.10 சதுர மீட்டர் இருந்தால் போதும். இரண்டாம் வகுப்புக்கு 0.50, 0.13. மூன்றாம் வகுப்புக்கு 0.80, 0.20. பட்டையின் அகலம் குறைந்தது 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு உடை உடம்பை மட்டும் மூடினால் போதாது, பட்டை தைத்த முழுக்கையோ முழுநீள பேன்ட்டோ சேர்ந்திருக்க வேண்டும். எனவே கையில்லாத வெஸ்ட் ஒன்று தனியாக மூன்றாம் வகுப்பு ஆகவே முடியாது. அப்படி எழுதி யாராவது விற்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். இரண்டாம் வகுப்பு வெஸ்ட்டோடு சரியான பேன்ட் சேர்த்து மூன்றாம் வகுப்பை எட்டலாம். ஆனால் அந்த ஜோடி அப்படிச் சான்று பெற்றதா என்று லேபிளில் பாருங்கள். அமெரிக்க முறையில் இந்த பேன்ட்டுக்கு 'இ' வகுப்பு என்று பெயர். அதை இரண்டாம் வகுப்பு வெஸ்ட்டோடு போட்டால் மூன்றாம் வகுப்பாகக் கணக்கில் வரும். அந்த முறையில் வகுப்பு எண்ணோடு ஓர் எழுத்தும் இருக்கும். 'ஓ' என்றால் சாலைப் போக்குவரத்து இல்லாத இடங்கள், 'ஆர்' என்றால் சாலைப் பணி, 'பி' என்றால் காவல், தீயணைப்பு போன்ற அவசர சேவை. கிடங்குக்கு வாங்கிய 'ஓ' வகையைச் சாலைக்கு அனுப்பும் கூத்து நிறைய நடக்கிறது.

இனி, ஜாக்கெட்டில் இருக்கும் இரண்டு பொருள்களைப் பற்றி. இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்குபவர்கள்தான் அதிகம். ஒளிரும் துணி பகலுக்கு, பட்டை இரவுக்கு. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

ஒளிரும் துணி, அதாவது ஃப்ளோரசென்ட் துணி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் உறிஞ்சி, மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ திருப்பி விடுகிறது. சாதாரண மஞ்சள் துணி தன் மேல் விழுந்த மஞ்சள் ஒளியைத்தான் திருப்பித் தரும். இதுவோ கண்ணுக்குத் தெரியாததையும் மஞ்சளாக்கித் தருவதால் அசாதாரணமாகப் பளிச்சென்று இருக்கும். மேகமூட்டத்திலும், விடியலிலும், அந்தி நேரத்திலும்தான் இதன் அருமை தெரியும். ஆனால் இருட்டிய பிறகு, சோடியம் விளக்கின் கீழ் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய இல்லை. அங்கே இது மங்கலான ஒரு துணி, அவ்வளவுதான். 'எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது பாருங்கள்' என்று பகலில் காட்டி விற்ற உடையை இரவு ஷிஃப்ட்டுக்கு வாங்கினால், எதற்காக வாங்குகிறீர்களோ அதைப் பார்க்காமலே வாங்குகிறீர்கள்.

இரவில் வேலை செய்வது சாம்பல் நிறப் பட்டை. அதில் நுண்ணிய கண்ணாடி மணிகளோ மிகச் சிறிய பிரிசங்களோ பதிந்திருக்கும். ஒளி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அதே திசைக்கு அதைத் திருப்பி அனுப்புவதுதான் இவற்றின் குணம். ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் ஓட்டுநரின் கண் இருப்பதால் அவருக்கு மட்டும் பட்டை எரிவதுபோல் தெரியும், பக்கவாட்டில் நிற்பவருக்கு ஒன்றுமே தெரியாது. கடையின் ட்யூப்லைட் வெளிச்சத்தில் நல்ல பட்டையும் மட்டமான பட்டையும் ஒன்றுபோல் சாம்பலாகத்தான் இருக்கும். சோதிக்க ஒரு டார்ச் போதும். இருட்டான இடத்தில் ஜாக்கெட்டைத் தொங்கவிட்டுப் பதினைந்து இருபது அடி எடுத்து வைத்துத் தள்ளி நில்லுங்கள். டார்ச்சை நெற்றிப்பொட்டோடு ஒட்டிப் பிடித்து அடியுங்கள். பட்டை வெள்ளையாகச் சீறும். அப்படியே டார்ச்சை இடுப்புக்கு இறக்கி அடியுங்கள், அதே பட்டை மங்கிவிடும். இரண்டு கம்பெனிச் சரக்கை அருகருகே தொங்கவிட்டு இப்படிப் பார்த்தால் விற்பனையாளர் பேசவே தேவையில்லை.

டார்ச் சோதனையில் தெரிந்த அந்த மங்கல் சாலையிலும் நடக்கிறது. லாரி ஓட்டுநரின் கண் ஹெட்லைட்டுக்கு வெகு உயரத்தில் இருக்கிறது. அதனால் ஒரே பட்டை கார் ஓட்டுநருக்குத் தெரியும் அளவுக்கு லாரி ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. ரிவர்ஸில் வரும் ரோலர், பின்விளக்கு பழுதான டிப்பர் போன்றவற்றில் பட்டைக்குத் திருப்பி அனுப்ப ஒளியே கிடைப்பதில்லை. பணியிடத்துக்குள்ளேயே ஓடும் இயந்திரங்களுக்கு ஜாக்கெட்டை மட்டும் நம்பக் கூடாது. வேலை நடக்கும் இடத்துக்குத் தனியாக விளக்கு போடுவது, ரிவர்ஸுக்கு ஆள் நிறுத்துவது, நடப்பவர் பாதையைப் பிரிப்பது எல்லாம் ஜாக்கெட்டுக்கு முன்னால் வர வேண்டியவை. எந்த ஜாக்கெட்டும் வண்டியைத் தடுக்காது. அது ஓட்டுநருக்குத் தகவல் மட்டும் சொல்லும்.

பட்டையின் தரத்துக்கு ஓர் எண் உண்டு. ஐஎஸ்ஓ கேட்பது, புதிதாக இருக்கும்போது, ஓட்டுநருக்கு நேர் எதிரே இருப்பதற்கு நெருக்கமான கோணத்தில், லக்ஸுக்கு, சதுர மீட்டருக்கு 330 கேண்டெலா. மேலே விழும் ஒளிக்கு எவ்வளவு ஒளி திரும்புகிறது என்பதன் அளவு அது. சப்ளையரிடம் இந்த எண்ணுக்கான சோதனை அறிக்கை கேளுங்கள். கேட்கும்போது கவனம்: பட்டைக்கு மட்டும் உள்ள சான்றிதழை எடுத்து நீட்டுவார்கள். பட்டை சான்று பெற்றது என்பதால் உடை சான்று பெற்றதாகிவிடாது. நல்ல பட்டையைப் போதாத நீளத்துக்கு, சாதாரண மஞ்சள் பாலியஸ்டர் மேல் தைத்திருக்கலாம். உங்களுக்கு வேண்டியது தைத்து முடித்த உடையின் சான்று. மழை அதிகம் என்றால் ஈரத்தில் எப்படி என்றும் கேளுங்கள். மணிகள் வெளியே திறந்திருக்கும் வகைப் பட்டையின் மேல் தண்ணீர்ப் படலம் நின்றால் ஒளி திரும்புவது நன்றாகக் குறைந்துவிடும். பிரிசப் பட்டை அந்த விஷயத்தில் தாக்குப்பிடிக்கும்.

அடுத்தது உடல் நிலை. கேட்லாகில் எல்லா மாடலும் நிமிர்ந்து நெஞ்சைக் காட்டி நிற்கிறான். உங்கள் ஆளோ குழி அடைக்கிறார், கோடு போடுகிறார், மேன்ஹோலுக்குள் எட்டிப் பார்க்கிறார். குனிந்தவருக்குப் பின்னால் வரும் ஓட்டுநருக்கு என்ன தெரியும் என்று ஒருமுறை போய் நின்று பாருங்கள். வெஸ்ட் முன்பக்கம் தொங்கிவிட்டது, முதுகுப் பட்டை வானத்தைப் பார்க்கிறது, இடுப்புப் பட்டை மடிப்புக்குள் போய்விட்டது. தெரிவது பேன்ட்டின் பின்புறமும் கால்களும்தான், அவை கறுப்பு. வெஸ்ட் ஒன்றே போதும் என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தக் காட்சியைத்தான்.

காலில் பட்டை வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1973-இல் ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் யோஹான்சன் ஒரு சோதனையை வெளியிட்டார். இருட்டில் ஒருவரின் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் வைத்தார். அவர் அசையாமல் இருந்தவரை பார்ப்பவர்களுக்கு அது அர்த்தமில்லாத புள்ளிக் கூட்டம். நடக்கத் தொடங்கிய கணத்தில் 'ஆள்' என்று கண்டுகொண்டார்கள். மனிதன் அசையும் விதத்தை நம் மூளை அவ்வளவு சட்டென்று பிடிக்கிறது. பிறகு இரவு ஓட்டுநர்களை வைத்துச் செய்த ஆய்வுகளும் இதையே சொல்லின: கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு, முழங்கையில் பட்டை கட்டியவரை, நெஞ்சில் மட்டும் பட்டை போட்டவரைவிட வெகு தூரத்திலேயே ஆள் என்று அடையாளம் கண்டார்கள். நெஞ்சில் தெரியும் இரண்டு கோடுகள் சாலையோரக் கம்பமாகவும் இருக்கலாம், தடுப்பு டிரம்மாகவும் இருக்கலாம். ஏதோ பளபளக்கிறது என்பதற்கும் ஆள் நிற்கிறான் என்பதற்கும் நடுவே ஓட்டுநர் செலவழிக்கும் நொடியில்தான் அந்த 28 மீட்டர் போகிறது. எனவே இரவு ஷிஃப்ட்டுக்குக் கூடுதலாக ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் பட்டை வைத்த பேன்ட் வாங்குங்கள். விலை உயர்ந்த ஜாக்கெட்டுக்கு மாறுவது அதற்கு அப்புறம்.

இப்போது நிறம். மஞ்சள்-பச்சை, ஆரஞ்சு-சிவப்பு, சிவப்பு ஆகிய மூன்றையும் தரநிலைகள் ஏற்கின்றன. பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் மிக அதிகமாக உணர்வது மஞ்சள்-பச்சைப் பகுதியை, 555 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகில். அதனால் மஞ்சள்-பச்சைக்கு இயல்பாகவே ஒரு சாதகம் உண்டு. ஆனால் பின்னணியைப் பொறுத்து அது தலைகீழாகும். கூம்பு, டிரம், தடுப்புப் பலகை எல்லாம் ஆரஞ்சாக இருக்கும் பணியிடத்தில் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டவர் இன்னொரு கூம்பாகிவிடுவார். அங்கே மஞ்சள்-பச்சை எடுங்கள். இருபுறமும் செடிகொடி அடர்ந்த சாலை, வெயிலில் மின்னும் வயல், காய்ந்த புல்வெளி என்றால் ஆரஞ்சு. இயந்திரங்கள் எல்லாம் மஞ்சளாக இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாத ஓட்டுநர்கள் கணிசமாக உண்டு, அவர்களில் சிலருக்குச் சிவப்பு இருண்டு தெரியும். அதனால் சிவப்பை நான் பரிந்துரைப்பதில்லை. ரயில்பாதை போன்ற இடங்களில் நிறத்தை விதியே முடிவு செய்திருக்கும், அங்கே நம் ரசனைக்கு வேலை இல்லை. கொடி காட்டுபவருக்கு மட்டும் மற்றவர்களிடமிருந்து வேறு நிறம் கொடுத்தால் ஓட்டுநர் யாரைப் பார்க்க வேண்டும் என்பது தெளிவாகும். இரவில் எல்லா நிறமும் ஏறக்குறைய ஒன்றுதான், பட்டை மட்டுமே பேசும்.

தீப்பொறியும் சூடும் உள்ள வேலை என்றால் மேலே சொன்னதெல்லாம் இரண்டாம்பட்சம். சாதாரண ஜாக்கெட் பாலியஸ்டர். அது எரிவதோடு நிற்காது, உருகித் தோலில் ஒட்டும். வெல்டிங், கேஸ் கட்டிங், மின் இணைப்பு செய்பவர்களுக்குத் தீ தாங்கும் துணியில் செய்த ரிஃப்ளெக்டிவ் உடை தனியாக உண்டு. தீக்கும் வெப்பத்துக்கும் ஐஎஸ்ஓ 11612, மின்வில் (மின்சாரம் காற்றில் பாய்ந்து வெடிக்கும் தீப்பிழம்பு) ஆபத்துக்கு ஐஇசி 61482-2 என்று லேபிளில் பார்க்கலாம். தீ தாங்கும் கவரால் (உடம்பு முழுக்க மூடும் ஒரே உடை) போட்டு அதன் மேல் சாதாரண மெஷ் வெஸ்ட்டை மாட்டுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். உள்ளே போட்டிருக்கும் விலையுயர்ந்த உடையின் பயன் அத்தோடு போயிற்று. கொதிக்கும் தாரோடு வேலை செய்பவர்களுக்கும் மெல்லிய பாலியஸ்டர் மெஷ் கொடுக்காதீர்கள்.

வெயில் காலத்தில் மெஷ் துணி நல்லது, சந்தேகமில்லை. ஆனால் கண்ணி பெரிதாக இருந்தால் கீழே போட்ட சட்டையின் நிறம் தெரிந்து ஒளிர்வு மட்டுப்படும். புழுக்கம் தாங்காமல் ஜிப்பைத் திறந்துவிட்டால் முன்பக்கப் பட்டை இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் தொங்கும். திறந்த வெஸ்ட் என்ன வகுப்பானாலும் அந்த வகுப்பு இல்லை. ஆட்கள் ஜிப்பைத் திறக்கிறார்கள் என்றால் அவர்களைத் திட்டுவதைவிட வேறு துணி பார்ப்பது நல்லது. ஒளிரும் டி-ஷர்ட்டாகவே சான்று பெற்றவை கிடைக்கின்றன. அதன் மேல் வெஸ்ட் தேவையில்லை, ஒரு அடுக்கு மிச்சம்.

சுழலும் இயந்திரம், நகரும் வண்டியின் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தோளிலும் பக்கவாட்டிலும் வெல்க்ரோ வைத்த வெஸ்ட் எடுங்கள். எங்காவது மாட்டி இழுத்தால் உடை பிய்ந்து வரும், ஆள் தப்புவார். அளவு விஷயத்தில், 'ஃப்ரீ சைஸ்' என்பது யாருக்கும் பொருந்தாத சைஸ். ஒல்லியானவருக்கு அது தொளதொளத்து மாட்டிக்கொள்ளும், பருமனானவருக்குப் பூட்டவே வராது. பெண்களுக்கு ஆண்கள் அளவில் சின்னதைக் கொடுத்துச் சமாளிப்பதும் சரியில்லை. குளிர்காலச் சட்டைக்கு மேல் போடுவதானால் அதைப் போட்டுக்கொண்டே அளவெடுங்கள்.

எது மேலே இருக்கிறதோ அதுதான் ஓட்டுநருக்குத் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம். மழை வந்ததும் எல்லோரும் கறுப்பு ரெயின்கோட்டை வெஸ்ட்டுக்கு மேல் மாட்டிவிட்டால், மிக ஆபத்தான நேரத்தில் மொத்த முதலீடும் உள்ளே போய்விடுகிறது. ரெயின்கோட்டே ரிஃப்ளெக்டிவ் ஆக இருக்க வேண்டும். முதுகுப்பை, பாதுகாப்பு பெல்ட், விரித்துவிட்ட முடி எல்லாம் பட்டையை மறைக்கும். கம்பெனிப் பெயரை முதுகு முழுக்க அச்சடிக்கும் ஆசையும் இதில் சேர்த்தி. அச்சடித்த இடம் ஒளிரும் பரப்பில் கழிந்துவிடும், சில சமயம் வகுப்பே இறங்கிவிடும். சின்னதாக, தயாரிப்பாளரைக் கேட்டுப் போடுங்கள்.

லேபிளில் உடை வடிவச் சின்னமும் அதன் பக்கத்தில் வகுப்பு எண்ணும் இருக்கும். தயாரிப்பாளர் பெயர், தரநிலை எண், ஆண்டு, அளவு, துவைக்கும் முறை எல்லாம் இருக்க வேண்டும். ஈஎன் 471 என்ற பழைய ஐரோப்பியத் தரநிலை மட்டும் போட்டிருந்தால் பழைய சரக்கு. 2013-இல் ஐஎஸ்ஓ 20471 அதன் இடத்துக்கு வந்துவிட்டது. துவைக்கும் குறிப்புக்குப் பக்கத்தில் '25 தடவை' என்பதுபோல் ஓர் எண் இருக்கலாம். அத்தனை சலவைக்குப் பிறகும் தரம் நின்றது என்பதற்கான சோதனை அது, ஆயுள் உத்தரவாதம் இல்லை. வெயிலில் மங்குவதும் தாரும் கிரீஸும் ஒட்டுவதும் அந்த எண்ணில் சேராது. பிளீச் வேண்டாம், துணி மிருதுவாக்கும் திரவம் வேண்டாம், பட்டை மேல் இஸ்திரி வேண்டாம், உள்பக்கத்தைத் திருப்பித் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். ஒரு புது ஜாக்கெட்டை உறை பிரிக்காமல் அலுவலகத்தில் வைத்திருங்கள். மாதம் ஒருமுறை பழையதை அதன் பக்கத்தில் பகலில் ஒருமுறை, இருட்டில் டார்ச்சோடு ஒருமுறை பார்த்தால் எதைக் கழிக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். கழித்ததைத் துணியாகக் கிழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது எடுத்து மாட்டிக்கொண்டு வருவார்.

உங்கள் குழுவுக்கு என்று நேராகச் சொன்னால்: 60 கி.மீ. வேகத்துக்குள் போகும் சாலையில் பகல் ஷிஃப்ட்டுக்கு இரண்டாம் வகுப்பு போதும். இரவு ஷிஃப்ட் முழுவதற்கும், வேகமான சாலைக்குப் பகலிலும், மூன்றாம் வகுப்பு, பேன்ட்டோடு. மழைக்கு எல்லோருக்கும் ரிஃப்ளெக்டிவ் ரெயின்கோட். வெல்டிங் ஆட்களுக்குத் தனி ஆர்டர். மொத்தமாகப் பணம் கட்டும் முன் நாலைந்து மாதிரி வாங்கி ஆட்களிடம் கொடுத்து ஒரு வாரம் வேலை செய்யச் சொல்லுங்கள். இருட்டிய பிறகு ஒருவரைக் குனிந்து நிற்கச் சொல்லி, போக்குவரத்து இல்லாத இடத்தில் நீங்களே காரில் லோ பீமோடு எதிரே வந்து பாருங்கள்.

ஆட்களின் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் கூடுதலாகவும் சில எடுங்கள். அளவெடுக்க வரும் இன்ஜினியர், சரக்கு இறக்க வரும் லாரி ஓட்டுநர், மேற்பார்வைக்கு வெள்ளைச் சட்டையில் வருபவர் எல்லோரும் அதே சாலையில்தான் இறங்குகிறார்கள். வண்டிகளுக்கான ஜாக்கெட்டை டிக்கியில் வைக்காமல் ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் தொங்கவிடச் சொல்லுங்கள். டிக்கியில் இருந்தால் அதை எடுக்கவே ஜாக்கெட் இல்லாமல் சாலையில் இறங்கியாக வேண்டும்.